நிரந்தரப் பணியா, ஆலோசகர் பணியா: காலண்டர் தாளில் போட்ட கணக்கு

கோவையில் கட்டமைப்புப் பொறியாளராகப் பதினோரு ஆண்டுகள் மாதச் சம்பளத்தில் இருந்த என்னிடம், 2022இல் ஒரு கட்டுமான நிறுவனம் இரண்டு வழிகளைச் சொன்னது: நிரந்தரப் பணியில் சேர்ந்தால் மாதம் 1,05,000 ரூபாய்; ஆலோசகராக வந்தால் வேலை செய்த நாளுக்கு 7,000 ரூபாய். மாதத்துக்கு இருபது நாள் என்று பெருக்கியதும், ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் கூடுதலாக வரும் என்று மனம் துள்ளியது.

என் மனைவிதான் காலண்டர் தாளொன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினார். அடிப்படைச் சம்பளம் 50,000 என்பதால் நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் 12 சதவீத வருங்கால வைப்பு நிதி ஆண்டுக்கு 72,000. ஐந்தாண்டு நிறைந்தால் கிடைக்கும் பணிக்கொடையில் ஓராண்டின் பங்கு சுமார் 28,800. சம்பளத்துடன் கிடைக்கும் 24 நாள் விடுப்பை ஆலோசகராக எடுத்தால் 1,68,000. குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 32,000. தாளின் அடியில் எஞ்சியது ஏறத்தாழ 1,19,000 ரூபாய்தான்.

தராசை மறுபடி ஆலோசகர் பணியின் பக்கம் சாய்த்தது வரிதான். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்கீழ் பொறியியல் தொழில் செய்பவர் தம் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்றும், வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்றும், முன்கூட்டிய வரியை மட்டும் மார்ச் 15க்குள் கட்டிவிட வேண்டும் என்றும் ஆடிட்டர் விளக்கினார்.

நான் எதிர்பாராத தடை வங்கியில் இருந்தது. வீட்டுக் கடனுக்கான என் காகிதங்களைப் புரட்டிய மேலாளர், "கன்சல்டன்ட்னா ரெண்டு வருஷ இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் வேணுமே சார்" என்றார். வீடா, வேலையா என்று ஒரு வாரம் தூக்கமின்றிக் கழிந்தது. மனைவிக்கு அரசுப் பள்ளியில் சம்பளம் வந்துகொண்டிருந்ததால்தான் வீட்டைத் தள்ளிப்போடும் துணிவு வந்தது. அது இல்லையென்றால் நிரந்தரப் பணியைத்தான் எடுத்திருப்பேன்.

முப்பது நாளில் பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தும், முதல் பில்லுக்கான 1,40,000 ரூபாய், நிறுவனமே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரியான 10 சதவீத டிடிஎஸ் போக 1,26,000 ஆக, நாற்பத்தொன்றாம் நாளில்தான் கணக்கில் ஏறியது. வீட்டுக் கடன், இரண்டாவது ரிட்டர்னைத் தாக்கல் செய்த பின், 2024 ஆகஸ்டில் கிடைத்தது.