எடுப்பதற்கு முன் உள்ளே பார்த்தார்கள்

நாற்பது வயதைத் தாண்டிய பெண் அதிக உதிரப்போக்கு என்று வாய் திறந்தால் எங்கள் உறவில் ஒரே பதில்தான்: "எடுத்துப் போட்டுவிடு." பெரியம்மா, சித்தி, ஒன்றுவிட்ட அக்கா என்று எடுத்தவர்கள் நிறைய. அதனால் முதலில் பார்த்த மருத்துவர், "குழந்தைகள்தான் வளர்ந்துவிட்டார்களே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்றபோது வீட்டில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. எனக்குத்தான் உறுத்தியது. ஸ்கேன் அறிக்கையில் இருந்தது, கர்ப்பப்பையின் உட்சவ்வு 17 மி.மீ. தடித்திருக்கிறது என்ற ஒரு வரி. ஏன் தடித்தது என்று அதில் இல்லை.

அடுத்துப் போன மருத்துவர் அந்த வரியைப் படித்துவிட்டு, "பாலிப்பாக, அதாவது சவ்விலிருந்து முளைக்கும் சதை வளர்ச்சியாக இருக்கலாம், ஹார்மோன் கோளாறில் சவ்வு வளர்ந்திருக்கலாம், அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பார்க்காமல் எடுப்பானேன்?" என்றார். புற்றுநோய் என்றால் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சையே வேறு என்பதையும் சொன்னார். அது யாருக்கும் தோன்றவில்லை.

சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி போதாதா என்று கேட்டேன். அது கண்ணால் பார்க்காமல் செய்வது. காம்போடு தொங்கும் பாலிப் கருவிக்குச் சிக்காமல் நழுவிவிடும் என்றார். அதற்குப் பதில் அவர் சொன்னது ஹிஸ்டரோஸ்கோபி. அதில் சில மில்லிமீட்டரே தடிமனுள்ள கேமராக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, சலைனைச் செலுத்தி உட்புறத்தை விரித்துப் பார்க்கிறார்கள். வயிற்றில் கத்தி படாது. மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குள் செய்வது நல்லது. சவ்வு மெலிந்திருப்பதால் தெளிவாகத் தெரியும். எனக்கோ உதிரப்போக்கு நின்றபாடில்லை. மாத்திரையில் அதை நிறுத்தி, 8-க்கு இறங்கியிருந்த ஹீமோகுளோபினுக்கு இரும்புச்சத்து மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றிய பிறகே தேதி குறித்தார்கள்.

அதற்குள் காப்பீட்டுப் படிவத்தையும் முடிக்க வேண்டியிருந்தது. வெறும் பரிசோதனைக்காக மருத்துவமனையில் சேர்ந்தால் பொதுவாகக் காப்பீட்டில் பணம் வராது. பாலிப் இருந்தால் அப்போதே அகற்றுவது என்பதையும் கடிதத்தில் எழுதித் தரச் சொன்னேன். ஒப்புதல் படிவத்திலும் அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். இல்லையென்றால் பார்ப்பதற்கு ஒருமுறை, எடுப்பதற்கு ஒருமுறை என்று இரண்டு மயக்க மருந்து.

அன்று காலை பெரிய பாடு மெட்டியால்தான். மின்சாரத்தால் வெட்டுவதால் உடம்பில் உலோகம் கூடாதாம். சிஸ்டர் சோப்பு நுரையைத் தடவி உருட்டி உருட்டி எடுத்ததில் விரல் சிவந்துவிட்டது. கர்ப்பப்பை வாயை இளக்க வைத்த மாத்திரையால் மாதவிடாய் வலியும் குளிரும் வந்தன. முழு நடைமுறையிலும் எனக்கு வலித்தது அப்போது மட்டும்தான்.

முதுகில் ஊசி போட்டதால் விழித்தே இருந்தேன். மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். இளஞ்சிவப்புச் சுவர், மூலைகளில் கருக்குழாய்களின் திறப்புகள் இரண்டு புள்ளிகளாக, மேல்பக்கத்திலிருந்து தொங்கி, ஓடும் நீரில் பாசியைப்போல ஆடிக்கொண்டிருந்த பாலிப். கம்பி வளையம் அதன் காம்பைச் சீவியது. பக்கத்தில் ஒரு சிஸ்டர், சலைன் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். வித்தியாசம் அதிகமானால் நீர் ரத்தத்தில் கலந்து நுரையீரலைப் பாதிக்கலாம். சலைனுக்கு 2,500 மில்லி எல்லை, அதைத் தொட்டால் நிறுத்திவிடுவோம் என்று மருத்துவர் பின்னால் விளக்கினார். கர்ப்பப்பையில் துளை விழுவது, தொற்று ஆகிய அபாயங்களையும் முன்பே சொல்லியிருந்தார்.

மாலையே வீடு. சில நாட்கள் நீர்த்த உதிரப்போக்கு இருந்தது. காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் உடனே வரச் சொன்னார்கள், இரண்டும் இல்லை. எடுத்த சதையைச் சோதிக்கும் பயாப்ஸியின் முடிவுக்குக் காத்திருந்ததுதான் கொடுமை. சாதாரண பாலிப், புற்றுநோய் இல்லை என்று வந்தது.

தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்படுவதைத் தடுக்க ஒன்றிய அரசு 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகளைத் தந்தது. அவற்றை நடைமுறைப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2023-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எங்கள் உறவில் யாருக்கும் இது தெரியாது.

என் கதையைக் கேட்டு நாத்தனாரும் அதே மருத்துவரிடம் போனார். அவருக்கு இருந்தவை தசைச் சுவருக்குள்ளும் வெளிப்புறத்திலும் வளர்ந்த நார்க்கட்டிகள். உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருப்பவற்றுக்குத்தான் இந்தக் குழாய் உதவும். அவர் பயாப்ஸி பார்த்து, யோசித்து, கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார். இப்போது நன்றாக இருக்கிறார்.