மூன்று முறை திரும்பி வந்த வயிற்று உப்புசம்

காலையில் இரண்டு இட்லி சாம்பாரோடு சாப்பிட்டால் பதினொரு மணிக்குள் வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிடும், புடவைக் கொசுவத்தைத் தளர்த்தாமல் உட்கார முடியாது. எல்லோரும் கேஸ் என்றார்கள். மூச்சுப் பரிசோதனை செய்த பிறகுதான் சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியிருப்பது தெரிந்தது. முந்தின நாள் வெறும் வெள்ளைச் சோறும் அவித்த முட்டையும்தான், அப்புறம் 12 மணி நேரம் பட்டினி. மறுநாள் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து, கால் மணிக்கு ஒருமுறை ஊதச் சொன்னார்கள். குளுக்கோஸைத் தின்று பாக்டீரியா விடுகிற ஹைட்ரஜன் வாயு மூச்சில் வரும், அது 90 நிமிடத்துக்குள் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினாலே இந்த நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு ஒரு மணி நேரத்திலேயே 30க்கு மேல் ஏறிவிட்டது.

ரிஃபாக்ஸிமின் 550 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 14 நாள். இது ரத்தத்தில் அதிகம் கலக்காமல் குடலிலேயே நின்று வேலை செய்கிற ஆன்டிபயாட்டிக். பத்தாவது நாள் வயிறு இறங்கியதைப் பார்த்து அழுதே விட்டேன். மூன்றே மாதத்தில் திரும்ப வந்தது. இரண்டாவது கோர்ஸ் முடித்து நான்கு மாதத்தில் மறுபடியும்.

சரி, மூலிகை பார்ப்போம் என்று இறங்கினேன். 2014இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 104 பேரில் மூலிகை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும், ரிஃபாக்ஸிமின் எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சரியாகியிருந்தது. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை அது, அதனால் மூலிகைதான் மேல் என்று சொல்லிவிட முடியாது. மரமஞ்சளில் இருக்கிற பெர்பெரினும் ஓரிகானோ எண்ணெயும் நான்கு வாரம், டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன் (பெர்பெரின் சர்க்கரையைக் குறைக்கும், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் தொடவே கூடாது). முதல் வாரம் வயிற்றெரிச்சல், அப்புறம் நன்றாகவே கேட்டது. ஐந்தாவது மாதம் பழைய கதை.

அதன்பிறகு பார்த்த டாக்டர் வேறு மருந்து எதுவும் எழுதவில்லை. "திரும்பி ஏன் வருதுன்னு யாராவது பார்த்தாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் என்னென்ன மாத்திரை போடுகிறேன், எந்தெந்த நேரத்தில் சாப்பிடுகிறேன் என்று எழுதித் தரச் சொன்னார். நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாதத்துக்கு என்று ஆரம்பித்த பான்டோப்ரசோலை நான் நான்கு வருஷமாக விடவே இல்லை. அது வயிற்று அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை, சாப்பாட்டோடு உள்ளே போகிற கிருமியைக் கொல்வது அந்த அமிலம்தான். இன்னொன்று, வயிறு காலியாக இருந்தால் கேஸ் ஏறும் என்று அம்மா சொன்னதை நம்பி இரண்டு மணிக்கு ஒருமுறை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். வயிறு காலியாக இருக்கும்போதுதான் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை குடலைக் கூட்டித் தள்ளுகிற அலை வருமாம், எதையாவது வாயில் போட்டால் அது நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் இன்றும் ஆதங்கம்.

தைராய்டு, சர்க்கரை சரியாக இருந்தது, பி12 மட்டும் குறைவு, ஊசி போட்டார்கள். மறுபடி ஒரு கோர்ஸ் ரிஃபாக்ஸிமின், முடிந்ததும் குடல் அசைவுக்கு ராத்திரியில் குறைந்த அளவில் புருகலோப்ரைட் (முதல் நான்கு நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது). பான்டோப்ரசோலை ஒரேயடியாக நிறுத்தினால் எரிச்சல் இரட்டிப்பாகும் என்று ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார். வயிற்றுப் புண் இருப்பவர்கள், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைத் தாங்களாகச் செய்யாதீர்கள். பாக்டீரியாவுக்குத் தீனியாகிற வெங்காயம், பூண்டை ஒன்றரை மாதம் விட்டு, பெருங்காயத்தில் சமாளித்தேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டேன்.

உப்புசம் திரும்பி வராமல் இப்போது 14 மாதம் ஆகிறது. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் நான்கு மணி நேரம் தண்ணீர் மட்டும்தான்.