இண்டெக்ஸ் கட்டுதல்: கேட் தேர்விலும் லேப் வைவாவிலும் மார்க் நழுவும் இடங்கள்

டேட்டாபேஸ் டேபிளில் தேடலை விரைவாக்குவது இண்டெக்ஸ்; அதன் வழக்கமான அமைப்பு பி-ப்ளஸ் மரம். அந்த மரத்தில் கீயை (தேடும் மதிப்பை) ஒவ்வொன்றாக நுழைத்து, நிரம்பிய நோடைப் பிரிக்கப் பழகியதும் பலர் இந்தப் பாடத்தை மூடிவிடுகிறார்கள். ஏற்கெனவே டேட்டா உள்ள டேபிளுக்கு இண்டெக்ஸ் போடும்போது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் அப்படிச் செய்வதில்லை. கீகளை முதலில் வரிசைப்படுத்தி, இலைகளை (அடித்தட்டு நோடுகளை) இடமிருந்து நிரப்பி, மேல்தட்டுகளைக் கீழிருந்து எழுப்பும். ஏறுவரிசையில் ஒவ்வொன்றாக நுழைத்தால், பாடப்புத்தக முறைப்படி இலைகள் பாதி காலியாகவே நின்றுவிடும்.

கேட் கணக்கு, இலை முழுதாக நிரம்பியதா பாதியா என்ற இந்த வேறுபாட்டில்தான் சறுக்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பில்கள் 1 கோடி வரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் 4096 பைட், பில் எண் 8 பைட், பாயிண்டர் 8 பைட். இலைக்கு மேலுள்ள உள்நோடில் n பாயிண்டர், n−1 கீ: 8n + 8(n−1) ≤ 4096; ஆகவே n = 256. இலையில் கீயும் ரெக்கார்டு பாயிண்டரும் சேர்ந்து 16 பைட், அடுத்த இலைக்கு ஒரு பாயிண்டர்: 16m + 8 ≤ 4096, m = 255. இந்தக் கடைசி 8 பைட்டை மறந்தால் 256 என்று வரும், விடை போச்சு.

முழுதாக நிரப்பினால் 39,216 இலைகள், மேலே 154 நோடுகள், அதற்கு மேல் வேர்: 3 தட்டு. குறைந்தபட்ச (பாதி) நிரப்பலில் இலைக்கு 128 கீ, உள்நோடுக்கு 128 பாயிண்டர், 78,125 இலைகள். மேலே 610, பிறகு 4, பிறகு வேர்: 4 தட்டு. நோடு எண்ணிக்கைக்கு வகுக்கும்போது, அதிகபட்சத் தட்டு கேட்டால் கீழ்முழு எண், குறைந்தபட்சம் கேட்டால் மேல்முழு எண். கேள்வியில் அந்த ஒரு சொல்லைக் கோடிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

லேப் பக்கம் வருவோம். முதலில் டேட்டாவை ஏற்றுங்கள், இண்டெக்ஸ் பிறகு. வரிசைப்படுத்த மெமரி வேண்டும்; போஸ்ட்கிரெஸில் அதற்கான அமைப்பு மெயின்டனன்ஸ் வொர்க் மெம்; அது தானாக இருப்பது 64 எம்பிதான். போதாவிட்டால் டிஸ்கில் தற்காலிகக் கோப்பு எழுதும். 8 ஜிபி லேப்டாப்பில் அந்த செஷனுக்கு மட்டும் 1 ஜிபி கொடுக்கலாம். வேலையைப் பகிரும் துணைப் பிராசஸ்கள், அதாவது பேரலல் வொர்க்கர், இரண்டு ஓடினாலும் இந்த அளவு மொத்தத்துக்கும் சேர்த்துத்தான். வைவாவில் ஆளுக்கு 1 ஜிபி என்று சொல்லிவிடாதீர்கள்.

சாதாரண கிரியேட் இண்டெக்ஸ் கட்டளை ஓடும்போது டேபிளைப் படிக்கலாம், எழுத முடியாது. கட்டளையில் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்தால் எழுதவும் விடும். ஆனால் டேபிளை இருமுறை படிக்கும், பழைய டிரான்சாக்ஷன்கள் முடியும்வரை காத்திருக்கும், பிகின் போட்டுத் தொடங்கிய டிரான்சாக்ஷனுக்குள் ஓடாது. நடுவில் அறுந்தால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று கிடக்கும். அது தேடலுக்கு உதவாது, ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் செலவு மட்டும் வைக்கும். இண்டெக்ஸ் விவரங்கள் இருக்கும் பிஜி இண்டெக்ஸ் கேட்டலாக்கில் இண்டிஸ்வேலிட் பொய் (false) என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் டிராப் செய்து மறுபடி கட்டுங்கள்.

இரண்டு பத்திகளுக்குச் சேர்த்து இண்டெக்ஸ் போட்டால் வரிசை முக்கியம்: 'மல்லி, போன வாரம்' என்று தேடுவதற்குப் பூ முதலில், தேதி அடுத்து. சமன் (=) பார்க்கும் பத்தி முன்னே, வீச்சு (இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை) பின்னே. திருப்பிப் போட்டால் அந்த வாரத்து எல்லாப் பூவையும் இண்டெக்ஸில் கடக்க நேரலாம்.

பூ என்ற பத்திக்கு மட்டும் இண்டெக்ஸ் இருந்து, வரிகளில் பாதி மல்லியாகவே இருந்தால், மல்லியைத் தேடும்போது எக்ஸ்ப்ளெய்ன் (தேடும் வழியைக் காட்டும் கட்டளை) பெரும்பாலும் சீக்வென்ஷியல் ஸ்கேன்தான், அதாவது டேபிள் முழுவதையும் படிப்பதைத்தான், காட்டும். இண்டெக்ஸ் கெடவில்லை, பாதி டேபிளை எடுக்க அது செலவு கூடிய வழி. டேட்டாவை ஏற்றிய கையோடு, புள்ளிவிவரம் சேகரிக்கும் அனலைஸ் ஓட்டாவிட்டால், தேடும் வழியைத் தேர்வு செய்யும் பிளானருக்கு இந்தக் கணக்கே தப்பலாம்.