தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார்

எங்கள் வீட்டு ஆண்களுக்குத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிதான் இரண்டாவது குலதெய்வம். மாமனார் அங்கே படித்தார், என் கணவர் படித்தார், அதனால் மகனை ஒரு வார்த்தை கேட்காமலே அங்கே சேர்த்தாயிற்று. 1844-இல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து 1883-இல் திருச்சிக்கு வந்தது, அப்துல் கலாம் 1954-இல் இயற்பியல் முடித்தது இங்கேதான் என்றெல்லாம் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். இப்போது மகனும் வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டான். விழாவில் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா இருந்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு நினைப்பெல்லாம் மலைக்கோட்டையில் இருந்தது.

அங்கியைத் திருப்பிக் கொடுத்த கையோடு ஒரு வாழைத்தாரை வாங்கி மகன் தோளில் ஏற்றினேன். கீழே மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு, அப்புறம் ஏற்றம்தான்.

தாயுமானவர் கதை தெரிந்திருக்கும். நிறைமாத மகள் இந்தக் கரையில், அம்மா அந்தக் கரையில், நடுவே காவிரியில் வெள்ளம். வலி வந்துவிட்டது. சிவபெருமானே அம்மா உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்து நின்றபோது வீட்டில் இரண்டு அம்மா! மகள் திகைக்க, வந்தவர் மறைந்துவிட்டார். எல்லோரும் கதையை இங்கே முடித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் யோசிப்பது மூட்டையோடு தாமதமாக வந்தாளே, அந்த அம்மாவைப் பற்றி. மருந்தும் எண்ணெயும் பழந்துணியும் கட்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்தால் எல்லாம் முடிந்து குழந்தை தூங்குகிறது. நன்றி சொல்லவும் ஆள் இல்லை, கோபப்படவும் ஆள் இல்லை. பட்டமளிப்பு விழாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நான் அவளாகத்தான் இருந்தேன்.

முதல் வருடம் விடுதியில் இருந்தபோது இவனுக்குக் கடும் காய்ச்சல். எனக்குத் தெரிந்தது காய்ச்சல் விட்ட பிறகுதான். உறையூரில் வீடு இருக்கும் ஒரு வகுப்புத் தோழன் இவனைக் கூட்டிக்கொண்டு போக, அவன் அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்து, ராத்திரியெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டிருக்கிறார். போனில் நன்றி சொன்னேன். மனசுக்குள் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அதை இப்போது சொல்வதில் என்ன.

சந்நிதியில் அர்ச்சகர் தாரைப் பார்த்ததும், "பொண்ணுக்குச் சுகப்பிரசவமாம்மா?" என்றார். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் செலுத்தும் சந்நிதி, அவர் கேட்டதில் தப்பே இல்லை. "இல்லைங்க, இவன் டிகிரி முடிச்சிருக்கான்" என்றேன். மகன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தூணைப் பார்த்தான். அர்ச்சகர் சிரித்துக்கொண்டே, "அதுவும் பிரசவம்தான்" என்று பெயர், நட்சத்திரம் கேட்டார். தீபாராதனையில் அந்தப் பெரிய லிங்கத் திருமேனியைப் பார்த்தபோது எதையும் கேட்கத் தோன்றவில்லை. மட்டுவார் குழலம்மையிடம் மட்டும், போகிற ஊரில் இவன் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

உச்சிப் பிள்ளையார் வரைக்கும் 417 படி என்கிறார்கள். நான் மூச்சை எண்ணினேனே தவிர படியை எண்ணவில்லை. வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகையில் கங்காதரர் சிற்பத்தின் முன்னால் மகன் நின்றுவிட்டான், வகுப்புக்கு மட்டம் போட்டு இங்கே வந்து உட்கார்ந்ததுண்டாம். மேலே பாறை வெயிலில் கொதித்தது. ஒரு பக்கம் காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். கீழே கல்லூரியை ஒட்டிய லூர்து மாதா கோயில் கோபுரத்தைக் காட்டி இவர் தன் காலத்துக் கதையை ஆரம்பிக்க, மகன் குறுக்கே தன் கதையைச் சொல்ல, இரண்டு பேரும் எந்த ஜன்னல் எந்த வகுப்பு என்று சண்டை போட்டார்கள். நான் பிள்ளையாரிடம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தாரில் பெரும்பகுதியைக் கோயிலிலேயே எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. ஒரு சீப்பை மட்டும் எடுத்து வைத்து, ஆட்டோ பிடித்து உறையூருக்குப் போனேன். அந்த அம்மாவை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். "இதெல்லாம் எதுக்குங்க?" என்று வாங்கி சாமி படத்தடியில் வைத்துவிட்டு, "உங்க பையனுக்கு ரசத்துல பூண்டு பிடிக்காதே, வீட்டுலயும் அப்படித்தானா?" என்று கேட்டார். வீட்டில் அவன் பூண்டு ரசம்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். இரண்டு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.