அங்கே என்னை அப்பா பெயரால் கூப்பிட்டார்கள்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், கார் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். முதல் நாள் கூட்டத்தில் மேலாளர் 'ஹெர்', அதாவது 'திரு' என்று ஆரம்பித்து என் அப்பாவின் பெயரைச் சொன்னார். நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் நாம் அப்பா பெயரைத்தானே போடுகிறோம்? மின்னஞ்சல், அறைக் கதவு எல்லாவற்றிலும் அவர்தான் இருந்தார்.

உங்களுக்கென்று குடும்பப் பெயர் கிடையாதா என்று கேட்பார்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட கதையைக் காபி மெஷின் பக்கத்தில் நின்று எத்தனை பேருக்குச் சொல்வது? இரண்டு பேருக்குச் சொன்னேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைச் சொல்லச் சொல்வார். ராஜபாளையத்து நூற்பாலையில் அப்பா எல்லோருக்கும் 'மேஸ்திரி அண்ணாச்சி'. இதோ, இங்கே எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

முதலாளி வருவது தெரிந்தாலே அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வந்துவிடும். பள்ளிக்கூட வயதில் அதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும். ஸ்டுட்கார்ட்டில் மேலாளர் என் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்றிருக்கிறேன். ஒருநாள் அவர், "எங்கேயாவது கிளம்புகிறீர்களா?" என்று கேட்ட பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, சோதனை அறிக்கை வெள்ளிக்குள் முடியுமா என்று கேட்டார். முடியாது என்று எனக்குத் தெரியும். "பார்க்கிறேன்" என்று தலையை ஆட்டினேன். நம் ஊரில் அதற்குக் கிட்டத்தட்ட 'முடியாது' என்றுதான் அர்த்தம். வெள்ளிக்கிழமை அவர் கோபப்படவில்லை. "செவ்வாயன்றே சொல்லியிருந்தால் வாடிக்கையாளரிடம் தேதியை மாற்றி வாங்கியிருப்பேனே" என்றார், உண்மையாகவே புரியாமல்.

அப்பாவும் முதலாளியிடம் 'முடியாது' என்று சொன்னதில்லை. 'ஆகட்டும் முதலாளி' என்றால் வேலை நடக்கும், 'பார்ப்போம் முதலாளி' என்றால் நடக்காது. முதலாளிக்கு அந்த வித்தியாசம் தெரியும். 'பார்ப்போம்' என்று கேட்டதும் வேறு ஏற்பாட்டுக்குப் போய்விடுவார். நான் பேச்சை மட்டும் கொண்டுபோயிருந்தேன். அதைக் கேட்கத் தெரிந்த காது அங்கே இல்லை.

டச்சு ஆய்வாளர் கேர்ட் ஹோஃப்ஸ்டெட் இதற்கு எண்ணே போட்டு வைத்திருக்கிறார். 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் ஐபிஎம் ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் கொடுத்தார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள அதிகார இடைவெளியில் இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. படித்தபோது ஆறுதலாக இருந்தது, தப்பு என்னுடையது இல்லை, 77உடையது என்று. ஆனால் என்னோடு சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் யார் கேட்டாலும் "முடியாது சார், புதன்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அவளும் அதே 77தான். அந்த மேலாளரோ, தன் இயக்குநரை டாக்டர் பட்டத்தை விடாமல் சேர்த்துத்தான் கூப்பிடுவார். அந்த அறையில் குரலும் ஒரு படி இறங்கிவிடும். வேட்டி இல்லை, அவ்வளவுதான்.

ஜெர்மனில் 'ஸீ' என்பது நீங்கள், 'டூ' என்பது நீ. டூவுக்கு மாறலாம் என்று மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடக் கிறிஸ்துமஸ் விருந்தில் மேலாளர் சொன்னார். அன்றுமுதல் என்னை என் பெயரால் கூப்பிட்டார். அதன்பின் 'முடியாது' சொல்வது கொஞ்சம் சுலபமானது நிஜம். ஆனால் அவரை 'நீ' என்று சொல்ல நாக்கு மறுத்தது. 'அறிக்கை கிடைத்ததா?' என்பது போல இரண்டுமே வராத வாக்கியங்களாகத் தேடிப் பேசினேன். சம்பந்தி வீட்டில் பேசுவதுபோல.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "இத்தனை நாள் அப்பா பேரைச் சொல்லித்தாம்மா கூப்பிட்டாங்க. இப்பத்தான் என் பேரு."

என் பேரைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "அவரு பேரை மொட்டையாவா கூப்பிட்டாங்க?"

"இல்லம்மா, முன்னாடி ஒரு மரியாதை போட்டுத்தான்."

"அப்ப சரி."