சரயேவோவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

யூரோவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சரயேவோ போஸ்னியாவின் தலைநகர்; அங்கே புழங்குவது போஸ்னிய மார்க். ஒரு யூரோவுக்குச் சுமார் 1.96. சின்னக் கடைகளில் ரொக்கம்தான் எளிது.

சைவக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க: சரயேவோவில் புரெக் (மெல்லிய மாவில் உள்ளீடு வைத்துச் சுட்ட பலகாரம்) என்றால் உள்ளே இறைச்சிதான். பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது ஸெல்யானிட்சா, உருளைக்கிழங்கு க்ரொம்பிருஷா. "சீஸ் புரெக்" என்று நான் கேட்டபோது கடைக்காரர் சிரித்துவிட்டு, "அப்படி ஒன்று கிடையாது" என்று பாடமே நடத்தினார்! நான்கில் என் ஓட்டு உருளைக்கிழங்குக்கு.

காபி சின்னச் செம்புக் கெண்டியில் வரும். மண்டி அடியில் தங்கட்டும், அவசரப்படாதீர்கள்.

லத்தீன் பாலம், முதல் உலகப் போருக்குப் பொறி வைத்த 1914 கொலை (ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட்) நடந்த இடம், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தரையில் சிவப்புப் பிசின் ஊற்றிய குழிகளைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். போஸ்னிய செர்பியப் படைகள் ஊரைச் சூழ்ந்த 1992–96 முற்றுகையில் குண்டு விழுந்து ஆட்கள் செத்த இடங்கள் அவை.

ரோப் காரில் திரெபெவிச் மலைக்குப் போனால் 1984 குளிர்கால ஒலிம்பிக்கின் பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டிப் பந்தய) தடத்திலேயே நடக்கலாம். ஆனால் ஊரைச் சுற்றிய மலைக்காடுகளில் பாதையை விட்டு இறங்கவே கூடாது. போர்க்காலக் கண்ணிவெடி பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அப்புறம், மாலையில் மஞ்சள் கோட்டை மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஏற்றம் செங்குத்து, நல்ல ஷூ வேண்டும்.