வாடகை வீட்டுக்குப் பளிங்குத் தரை

நியூஜெர்சியில் மூன்று வருட லீஸில் எடுத்த டெஸ்லா மாடல் 3-க்கு நேற்று வேறு சக்கரங்கள் மாட்டினேன். "வாடகை வீட்டுக்கு யாராவது பளிங்குத் தரை போடுவார்களா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் கார் திரும்பிப் போகும்போது பழைய சக்கரங்களோடுதான் போகும். அவை நான்கும் இப்போது கராஜில் போர்வைக்குள் தூங்குகின்றன.

அளவுதான் படுத்தி எடுத்தது. ஐந்து நட்டு, அவை உட்காரும் வட்டம் 114.3 மி.மீ. என்பது பல கார்களுக்குப் பொது. நடுத்துளை மட்டும் 64.1 மி.மீ. புதுச் சக்கரத்தில் அது பெரிதாக இருந்தால் இடையில் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் அதிரும். டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லும் சுமை எண்ணும் குறையக்கூடாது, பேட்டரியின் கனம் அப்படி.

கடை ஊழியர் ஜாக்கியை நேராக வண்டியின் நடுவயிற்றுக்குக் கொண்டுபோனார். அங்கே இருப்பதே பேட்டரிதான்! நான் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது.

20 அங்குலத்தின் மேல் ஆசை இருந்தது உண்மை. ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையுமே என்று 18-லேயே நின்றுவிட்டேன். நட்டுகளை 175 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கியாயிற்று. கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கராஜில் சைக்கிள் நிறுத்த இடமில்லை என்று வீட்டில் அடுத்த வழக்கு தொடங்கியிருக்கிறது.